புதிய வீட்டில் ஒரு பூனைக்குட்டி



சொந்த ஊரை விட்டு இந்த நகரத்திற்கு வந்த முதல் இரவை நினைத்துப் பாருங்கள். தெரு புதிது, பாஷை புதிது. பயமின்றித் தலைசாய்க்க ஒரு மூலை கிடைத்தபோது எவ்வளவு ஆறுதல் அடைந்தீர்கள்!

பிள்ளைகளின் ஆசைக்கு இணங்கி, ஆஸ்டின் டவுனிலுள்ள உங்கள் சிறிய வீட்டிற்குக் கொண்டுவரும் பூனைக்குட்டியும் அவ்வாறே வருகிறது. தாயையும் உடன்பிறப்புகளையும் அது ஒரே நாளில் இழக்கிறது. ஆகையால் எட்டு வாரம் நிறைவதற்கு முன் குட்டியைத் தாயினிடமிருந்து பிரிக்காதீர்கள். தாய் படுத்திருந்த துணியில் ஒரு துண்டையும் உடன் கொண்டுவாருங்கள். பழகிய வாசனை அதைத் தேற்றும்.

ஒரு மூலை போதும்

முதல் சில நாட்கள் வீடு முழுவதையும் காட்ட வேண்டாம். ஓர் அறை போதும்; ஒரே அறையுள்ள வீடானால் ஒரு மூலை போதும். அட்டைப்பெட்டியைச் சாய்த்து வைத்து, பழைய துணியை விரியுங்கள். உணவையும் தண்ணீரையும் ஒரு பக்கத்திலும், மணல் தட்டை மறுபக்கத்திலும் வையுங்கள். குட்டி கட்டிலுக்கடியில் ஒளிந்தால் இழுத்து எடுக்காதீர்கள். அருகே தரையில் அமைதியாய் உட்காருங்கள். அது தானாக வரட்டும். பொறுமை என்னும் பாடத்தைப் பிள்ளைகள் இங்கே கற்றுக்கொள்வார்கள்.

கதவைக் கவனியுங்கள்

பயந்த குட்டி திறந்த கதவைக் கண்டால் ஓடிவிடும். வாகனங்களும் நாய்களும் உள்ள தெருவில் அதற்கு வழி தெரியாது. ஆகவே முதல் சில வாரங்கள் வீட்டிற்குள்ளேயே வைத்திருங்கள். மாடி வீடுகளில் சன்னலுக்கு வலை அடியுங்கள். வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும் நாளில், கைத்தட்டலும் துதி சத்தமும் எட்டாத இடத்தில், தண்ணீருடன் அதை விட்டு வையுங்கள்.

ஆகாரமும் ஆரோக்கியமும்

பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். பூனைக்குட்டிகளுக்கான தீனியும் சுத்தமான தண்ணீருமே நல்லது. வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்புச் சோறு ஆகாது. பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு உயிரைப் போக்கும் விஷம். பினாயில் ஊற்றிய தரையில் நடந்து பாதத்தை நக்கினாலும் கேடு விளையும்.

எட்டு வார அளவில் முதல் தடுப்பூசியும், குடற்புழு மருந்தும் அவசியம். மூன்று மாதம் நிறைந்தபின் வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட வேண்டும். அருகில் கால்நடை மருத்துவர் இல்லையெனில், ஹெப்பாளிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை அணுகலாம். குட்டி கடித்தாலோ கீறினாலோ, அந்த இடத்தைச் சோப்பிட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடங்கள் கழுவி, தாமதமின்றி மருத்துவரிடம் செல்லுங்கள்.

பூனை குறுக்கே போனால் சகுனத்தடை என்று அக்கம்பக்கத்தார் சொல்லக்கூடும். சகுனம் பார்ப்பதை வேதம் விலக்கியிருக்க, நாம் ஏன் அஞ்ச வேண்டும்?

நீதிமான் தன் வீட்டு மிருகத்தின் உயிரைக் குறித்தும் கவலைப்படுவான் என்பதே நீதிமொழிகள் 12:10 தரும் போதனை. ஒரு மாலையில் அக்குட்டி தானாகவே வந்து உங்கள் மடியில் கண்மூடும். அந்நியராய் வந்த நமக்கு இடம் தந்த கர்த்தரை அந்நேரம் பிள்ளைகளோடு சேர்ந்து ஸ்தோத்திரியுங்கள்.