கம்பி லோடும் கட்டங்களின் கணக்கும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில். கம்பி ஏற்றிய லாரி எடைமேடையில் வந்து நிற்கிறது. வண்டி எண், மொத்த எடை, காலி வண்டி எடை, சரக்கின் குறியீடு, தொகை, நேரம் என்று சில விவரங்கள் கணினித் திரையில் விழுகின்றன. பார்க்க எல்லாம் எழுத்தும் எண்ணும்தான். ஆனால் திரையிலிருந்து சேமிப்புக்குப் போகும் வழியில் அவை ஓர் எல்லையைத் தாண்டுகின்றன. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் வேறு சட்டம்.

இந்தப் பக்கம் இருப்பது ஜாவா, பைத்தான் போன்ற நிரல்மொழி. கணக்கை வேகமாகப் போடுவது அதன் வேலை. அந்தப் பக்கம் ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளம். போட்ட கணக்கை ஆண்டுக்கணக்கில் பத்திரமாக வைத்திருப்பது அதன் வேலை. ஒரு மதிப்பு முழு எண்ணா, பின்னமா, எழுத்தா, தேதியா என்று இனம் பிரிப்பதைத் ‘தரவு வகை’ என்கிறோம். தரவுத்தளத்தின் மொழியான எஸ்க்யூஎல், ஐபிஎம் நிறுவனத்தில் 1974-ல் உருவானது. ஜாவா வந்தது 1995-ல். தனித்தனியே வளர்ந்தவை என்பதால் இரண்டின் இனப் பட்டியலும் அப்படியே பொருந்துவதில்லை.

பொருத்திவைப்பது நடுவே இருக்கும் ‘டிரைவர்’ என்ற சிறு மென்பொருள். 1997-ல் ஜாவாவோடு வந்த ஜேடிபிசி என்ற ஏற்பாட்டில் ஒவ்வொரு தரவு வகைக்கும் ஓர் அடையாள எண் உண்டு. நீளம் மாறக்கூடிய எழுத்துக்கு 12, துல்லியப் பின்னத்துக்கு 3, பெரிய முழு எண்ணுக்கு மைனஸ் 5. எந்த நிறுவனத்தின் தரவுத்தளமாக இருந்தாலும் இந்த எண்கள் மாறுவதில்லை. ஒரே நிரல் பல தரவுத்தளங்களோடு பேச முடிவதற்கு இந்தச் சின்னப் பட்டியலும் ஒரு காரணம்.

முதல் சோதனை அளவில் வருகிறது. ஜாவாவின் சாதாரண முழு எண் 4 பைட் இடம் எடுக்கும். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 214,74,83,647. இந்தியாவின் மக்கள்தொகையை எண்ணிவிடலாம். ஆனால் லாரி ஓட்டுநரின் செல்போன் எண் 98-ல் தொடங்கினால், அது 980 கோடிக்கு மேல் போய்விடும். ஆந்திர எல்லையைத் தாண்டும் ரூ.50,000-க்கு மேற்பட்ட சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதல் தேவைப்படும் இ-வே பில்லின் எண்ணோ 12 இலக்கம். அதுவும் அடங்காது. இடத்தை 8 பைட்டாக்கினால் என்ன ஆகும்? நொடிக்கு 100 கோடி பில் வீதம் போட்டாலும் எண்கள் தீர ஏறக்குறைய 292 ஆண்டுகள் ஆகும்!

அப்படியானால் இலக்கமாக இருப்பதையெல்லாம் பெரிய எண்ணாக வைத்துவிடலாமா? கம்பியின் ஜிஎஸ்டி குறியீடு 7214. எண்ணாக வைத்தாலும் சேதமில்லை. மில் கேன்டீனுக்கு வரும் தேயிலையின் குறியீடு 0902. அதை எண்ணாக வைத்தால் முன்னால் உள்ள பூஜ்யம் உதிர்ந்து 902 ஆகிவிடும். நம் பின்கோடு பூஜ்யத்தில் தொடங்குவதில்லை என்பதால் கும்மிடிப்பூண்டியின் 601201 தப்பிக்கிறது; அமெரிக்காவின் பாஸ்டனுக்குரிய 02108 தப்பாது. இதற்கு எளிய உரைகல் ஒன்று உண்டு. இரண்டு எடையைக் கூட்டினால் அர்த்தம் இருக்கிறது. இரண்டு பின்கோட்டைக் கூட்டினால்? ஒன்றுமில்லை. கூட்டிப் பார்க்க அவசியமில்லாத இலக்கத்தை எழுத்தாகவே வைப்பது உத்தமம்.

அடுத்தது பைசா. கணினி பின்னத்தை அரை, கால், அரைக்கால் என்று பாதி பாதியாக வெட்டித்தான் அறியும். பத்தில் ஒன்றை அப்படி வெட்டினால் முடிவே வராது. மூன்றில் ஒன்றை 0.333 என்று எழுதிக்கொண்டே போவதைப் போலத்தான். அதனால் ‘மிதவைப் புள்ளி’ எனப்படும் வேகமான பின்ன வகையில் 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் ஜாவா காட்டும் விடை 0.30000000000000004. அதிலேயே 4 பைட் வகைக்கு ரூ.1,67,77,217-ஐக் கொடுத்தால் ரூ.1,67,77,216 என்று வைத்துக்கொள்ளும். ஒரு ரூபாய் சத்தமில்லாமல் காணாமல் போகும். இதற்கு வைத்தியமாக வந்ததுதான் தரவுத்தளத்தின் ‘டெசிமல்’ வகையும் ஜாவாவில் அதற்கு இணையான ‘பிக்டெசிமல்’ வகையும். 49,999.75 என்ற தொகையை ஜாவா 49,99,975 என்ற முழு எண்ணாக வைத்துக்கொண்டு, ‘புள்ளி இரண்டு இலக்கம் உள்ளே’ என்று தனியே குறித்துக்கொள்கிறது. பின்னமே இல்லாத இடத்தில் பிழை எங்கிருந்து வரும்?

எண்ணே இல்லாத நிலை ஒன்றும் உண்டு. காலி வண்டியை இன்னும் எடை போடவில்லை என்றால் தரவுத்தளம் அந்தக் கட்டத்தில் ‘நல்’ என்று குறிக்கும். ‘இன்னும் தெரியாது’ என்று பொருள். ஜாவாவின் சாதாரண முழு எண்ணுக்கோ ‘தெரியாது’ என்று சொல்லத் தெரியாது. டிரைவர் அங்கே பூஜ்யத்தைக் கொடுத்துவிடும். மொத்த எடையில் பூஜ்யத்தைக் கழித்தால், லாரியின் சொந்த எடையும் கம்பியாகி பில்லில் ஏறும்! அதனால்தான் ஜேடிபிசியில் ‘இப்போது படித்தது நல்-ஆ?’ என்று கேட்கத் தனிக் கட்டளையே வைத்திருக்கிறார்கள்.

ஊர்ப் பெயரிலும் ஒரு வியப்பு. ‘கும்மிடிப்பூண்டி’ நம் கண்ணுக்கு 8 எழுத்து. யூனிகோடில் க தனி, உகரக் குறி தனி, புள்ளி தனி. எண்ணினால் 16 குறியீடு. சேமிக்கும்போது யுடிஎஃப்-8 முறைப்படி குறியீட்டுக்கு 3 பைட், ஆக 48 பைட். நீளம் 20 என்று கட்டம் அமைத்தால், குறியீட்டை எண்ணும் போஸ்ட்கிரெஸில் இந்தப் பெயர் தாராளமாக உட்காரும். வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் பைட்டை எண்ணும் ஆரக்கிளில் அதே கட்டம் இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிடும். ஆங்கிலத்தில் எழுதினால் 13 பைட்தான் என்பதால், தமிழில் பதியும் நாள்வரை இந்தச் சிக்கல் வெளியே தெரியவே தெரியாது.

கடைசியாக நேரம். ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்கு லாரி கிளம்புகிறது. நேர மண்டலத்தோடு சேமிக்கும் வகை அதை உலகப் பொது நேரத்துக்கு மாற்றி வைக்கும். நாம் ஐந்தரை மணி நேரம் முன்னே இருப்பதால், உள்ளே பதிவாவது மார்ச் 31 இரவு 8.30. இந்திய நேரத்துக்குத் திருப்பாமல் தேதியை மட்டும் உருவினால், புது நிதியாண்டின் முதல் லோடு பழைய ஆண்டுக் கணக்கில் போய் விழும்.

இவற்றில் பல பிழைகளுக்கு மணி அடிக்காது, சிவப்பு விளக்கு எரியாது. தப்பான வகை பெரும்பாலும் சரியான விடையைத்தான் தரும். என்றோ ஒரு நாள் மட்டும் வழுக்கும். எனவே ஒரு கட்டத்தை வரைவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. இதைக் கூட்டுவோமா? எவ்வளவு பெரிதாக வளரும்? காலியாக இருக்கலாமா? எந்த ஊர் நேரம்? விடைகளை எடைமேடைக்காரரும் கணக்குப்பிள்ளையும் ஏற்கெனவே அறிவார்கள். நல்ல நிரலாளர் முதலில் அவர்களிடம் போய்க் கேட்கிறார்.