டேர்போ காரும் 92 பெற்றோலும்: ஒரு துணி வியாபாரியின் அனுபவம்

கிழமைக்கு ஒரு தடவை புறக்கோட்டையில் துணி எடுத்துக் கண்டிக்குக் கொண்டு போகிறவன் நான். 2018இல் வாங்கிய 1000 சீ.சீ. டேர்போ கார்தான் எனது சரக்கு வாகனமும். அப்போது சிறிய எஞ்சினுக்கு வரி குறைவு என்பதால் என்னைப் போல் பலரும் இந்த வகைக் கார்களையே நாடினார்கள்.

2021இல் ஒரு கராஜ்காரர், "நாநா, கம்பியூட்டர்ல டைமிங்க கொஞ்சம் முன்னுக்கு எடுத்தா ஏத்தத்துல பறக்கும்" என்றார். காசு கொடுத்துச் செய்வித்தேன். பறக்கத்தான் செய்தது. 95 ஒக்டேன் அடித்த காலம் வரைக்கும்.

2022 எரிபொருள் நெருக்கடியில், கியூஆர் முறையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். கொழும்பு போய் வரவே அது சரி. 95 இல்லாத நாளில் 92 அடித்தேன். ஒருநாள் கடுகண்ணாவை ஏற்றத்தில், டின்னுக்குள் சரளைக் கல்லைப் போட்டு உலுக்குவது போலொரு சத்தம். பாரம் அதிகம் என்று எண்ணி இன்னும் மிதித்தேன். இரண்டு கிழமையில் மூன்று பிஸ்டன்களில் ஒன்று உடைந்தது. ஒரு பெருநாள் சீசன் இலாபம் அதோடு போயிற்று.

பஞ்சிகாவத்தையில் எஞ்சினைத் திறந்த பழைய மெக்கானிக், "ஹாஜியார், பெற்றோல்ல குறையில்ல, டைமிங்லதான் குறை" என்றார். அவர் விளக்கியது இதுதான். பிஸ்டன் மேலே வந்து சேருமுன்பே பிளக் பொறி விடுகிறது. பெற்றோல் எரிய நேரம் வேண்டுமல்லவா? டேர்போ காற்றை அமுக்கித் திணிப்பதால் உள்ளே சூடும் அழுத்தமும் அதிகம். ஒக்டேன் குறைந்த பெற்றோல் அதைத் தாங்காமல், எரிந்து முடியாத மிச்சம் தானாகவே வெடிக்கிறது. அதுதான் நொக்கிங். கம்பனி செட்டிங்கில், எஞ்சினில் உள்ள நொக் சென்சர் இதைக் கேட்டவுடன் கம்பியூட்டர் பொறியைச் சில பாகை பின்னுக்குத் தள்ளும். இழுவை குறையும், பெற்றோல் கூடச் செலவாகும், ஆனால் எஞ்சின் தப்பும். என் காரிலோ டைமிங்கை முன்னுக்கு எடுத்தவர் அந்தச் சென்சரின் காதையும் மந்தமாக்கி வைத்திருந்தார்!

அதற்காக டைமிங்கை நிரந்தரமாகப் பின்னுக்குத் தள்ளி வைப்பதும் புத்தியல்ல. புகை சூடேறி டேர்போவைத் தின்னும்.

ஜப்பான் கார் வைத்திருப்போர் பெற்றோல் மூடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். அங்கே ரெகியுலர் என்றால் குறைந்தது 89 ஒக்டேன். அதற்கென அமைந்த சிறு டேர்போவுக்கு நமது 92 போதும், 95 அடிப்பது வீண் செலவு. ஹை-ஒக்டேன் என்றால் குறைந்தது 96. அத்தகைய காருக்கு இங்குள்ள 95ஐயே அடித்து, ஏற்றத்தில் நிதானமாக மிதிக்க வேண்டும்.

நான் கம்பனி செட்டிங்குக்கே திரும்பிவிட்டேன். 92 அடிக்க நேர்ந்தால் தாங்கியை நிரப்புவதில்லை. அரைவாசி அடித்து, அடுத்த ஷெட்டில் 95 கலந்து விடுகிறேன். அதுவரை உயர்ந்த கியரில் திணறவிடாமல் கியரைக் குறைத்தே ஏறுகிறேன். பழைய டேர்போ கார் வாங்க நினைப்பவர்கள், கம்பியூட்டரில் கை வைத்திருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்க்கட்டும். அட்வான்ஸ் கொடுக்குமுன் ஓர் ஏற்றத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லி, ரேடியோவை நிறுத்திவிட்டுக் காது கொடுங்கள்.