பெட்ரோலும் காற்றும்

1901-இல் பாரி கம்பெனியின் ஏ. ஜே. யார்க், அடையாறு பென்ஸ் கார்டன்ஸ் வீட்டிலிருந்து பாரிமுனை அலுவலகத்துக்குத் தினமும் மோட்டார் காரில் போய்வந்தார். சென்னைத் தெருக்கள் கண்ட முதல் கார்களில் அது ஒன்று. 1903-இல் மவுண்ட் ரோடு சிம்ப்சன் பட்டறையில் சாமுவேல் ஜான் கிரீன் ஒரு நீராவிக் காரையே உருவாக்கிவிட்டார். நீராவி வண்டிக்கு, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் தொல்லை கிடையாது!

பெட்ரோல் காருக்கு அந்தச் சுகம் ஏது? ஒரு பங்கு பெட்ரோலுக்கு, எடைக் கணக்கில், சுமார் 15 பங்கு காற்று வேண்டும். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுக்கும், அழுத்தம் குறையும், ஜெட் துளை வழியே பெட்ரோல் பீறிட்டுத் தூறலாகும். 1893-இல் ஜெர்மன் பொறியாளர் வில்ஹெல்ம் மேபாக் காட்டிய வழி இது.

நம் மகாராஜாக்கள் ஆசைப்பட்ட ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் கோஸ்ட் போன்ற ஆறு சிலிண்டர் கார்களில் சிக்கல் வேறு. கலவை நீண்ட குழாயில் போகும்போது பெட்ரோல் துளிகள் சுவரில் படிந்துவிடும். ஒரு சிலிண்டருக்கு விருந்து, இன்னொன்றுக்குப் பட்டினி. சத்தமே இல்லாமல் ஓடவேண்டிய கார் குலுங்கும். அதனால்தான் அந்தக் காலப் பொறியாளர்கள் குழாயைச் சூடாக்கினார்கள். சென்னை வெயிலில் இது எதற்கு என்கிறீர்களா? பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிவிடும். ஈரக்காற்றில் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி படிவதுகூட உண்டு.

சில்வர் கோஸ்டின் ஸ்டீயரிங் சக்கரத்திலேயே கலவைக்கென ஒரு சிறு நெம்புகோல் இருந்தது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் பெட்ரோலைக் கூட்டுவதும், சூடேறியதும் குறைப்பதும் ஓட்டுநரின் வேலை.