ஆசிரியராதல்

ஆசிரியத் தொழிலை விரும்பி ஏற்போர் உளர். வேறு தொழில் வாய்க்காமையால் ஏற்போரும் உளர். இருசாராரும் பயிற்சியை முடித்து, நியமனக் கடிதத்துடன் ஒரு பாடசாலைக்குச் சென்று, பிள்ளைகளின் முன்னே வெண்கட்டியைக் கையிலெடுக்கும்போது ஒரே நிலையினராகிவிடுகின்றனர். தாம் அறிந்திருப்பது வேறு, அதனைப் பிறர் அறியச் செய்வது வேறு என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குப் புலனாகிறது.

13ஆம் நூற்றாண்டிலே பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் ஓர் இலக்கண நூல். ஆயினும், அதன் பாயிரத்திலே ஆசிரியர் இயல்பும் பேசப்படுகிறது. மாணவர் பலர் இப்பகுதியைப் பரீட்சைக்காக மனனஞ் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவர். நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கை அந்நூல் உவமை கூறுகிறது. ஆசிரியராகத் தகாதவருக்கும் நான்கு உவமைகள் உண்டு. கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்பன அவை. புதிதாகத் தொழிலேற்பவருக்கு முன்னைய நான்கினும் பின்னைய நான்குமே பெரிதும் உதவுவன என்பது என் கருத்து. நிலத்தைப் போன்ற பொறுமை பல ஆண்டுகளில் வருவது; கழற்குடமாக இருத்தலோ முதல் நாளிலேயே நேர்ந்துவிடுவது.

கழற்சிக்காய்களை ஒவ்வொன்றாகக் குடத்திலே இடுகிறோம். குடத்தைக் கவிழ்த்தால் அவை இட்ட முறையில் வருவதில்லை. எல்லாம் ஒருங்கே முறைபிறழ்ந்து கொட்டுகின்றன. பல்கலைக்கழகப் படிப்பை முடித்த இளைஞர் ஒருவர் ஆறாந் தரத்துக்கு எழுத்திலக்கணம் கற்பிக்கப் புகுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். எழுத்தின் வகை, மாத்திரை, பிறப்பு, புணர்ச்சி யாவற்றையும் நாற்பது நிமிடப் பாடவேளையிலே சொல்லிவிடுகின்றார். அவர் கூறியவற்றுள் பிழையேதும் இல்லை. ஆனால் பிள்ளைகளின் கொப்பிகளில் எஞ்சியவை சில சொற்களே. 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதுமளவு புலமை உடையவர். அவரே சிறுவருக்கென எளிதிலிருந்து அரிதுக்குச் செல்லும் பாலபாடங்களையும் எழுதினார். அத்துணைக் கல்வியுடையவர், அறிந்தவற்றுள் எதனை இன்று சொல்லாது விடுவது என்று எண்ணியிருத்தல் வேண்டும்.

மடற்பனையை வடபுலத்து நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கருக்கு மட்டைகள் களையப்படாத பனையிலே எவரும் ஏறுதல் இயலாது. அது தானாக விழுத்தும் பழத்தையே பொறுக்கிக்கொள்ளலாம். தாம் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு, வினாவுக்கு இடங்கொடாத ஆசிரியர் இத்தகையவர். இதனைச் செருக்கு என்று பலரும் கூறுவர். பெரும்பாலும் இது அச்சமே எனலாம். பின்னத்தால் வகுக்கும்போது அப்பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்குக என்று கணித ஆசிரியர் சொல்கின்றார். "ஏன் ரீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்கிறது. அவரும் அவ்விதியை அவ்வாறே மனனஞ் செய்தவராயின், முதலில் வருவது அதட்டலே. கேட்போர் அஞ்சும்படி பேசுதலையும் ஆசிரியராகத் தகாதவரின் குணங்களுள் ஒன்றாக நன்னூல் வைத்திருப்பது கருதத்தக்கது. பிரம்பிலே நம்பிக்கை வைத்திருப்போர் இதனை நோக்குவார்களாக.

பருத்திக்குண்டிகை என்பது பஞ்சு அடைத்த குடுவை. அடைப்பதும் அரிது, எடுப்பதும் அரிது. வருந்திக் கற்றதனை எளிதிலே ஈய மாட்டாதவர் அவர்.

முடத்தெங்கு ஒருவர் வளவிலே வேரூன்றி, அவர் வார்த்த நீரை உண்டு, வேலிக்கப்பால் அயலவர் வளவிலே காயை விழுத்துகிறது. காலையிலே வகுப்பில் அரைமனத்துடன் நின்று, மாலையிலே கட்டண வகுப்பில் முழுமனத்துடன் கற்பிப்பவரை நினைக்க இவ்வுவமை ஒன்றே போதும். ஆசிரியர் ஊதியம் குடும்பச் செலவுக்குப் போதாது என்பது மெய்யான குறையே. அதனைப் பேசவும் வேண்டும். எனினும் கட்டணங் கொடுக்க இயலாத பிள்ளை அக்குறைக்குக் காரணமன்று.

நன்னூலாரோடு நாம் உடன்பட இயலாத இடமும் ஒன்று உண்டு. சோம்பர், துயில்வோர், மந்தமானோர், பிணியாளர் முதலியோரைக் கற்பித்தற்கு உரியரல்லர் என்று அவர் விலக்குகின்றார். மாணவரைத் தெரிந்துகொள்ளும் உரிமை அக்கால ஆசிரியருக்கு இருந்திருக்கலாம். கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த நாட்டிலே, 1998 முதற் கட்டாயக் கல்வி விதிகளும் உள்ள நாட்டிலே, அவ்வுரிமை எவருக்கும் இல்லை. தூங்குகின்ற பிள்ளை காலையுணவின்றி வந்திருக்கலாம். மந்தமென்று கருதப்படும் பிள்ளைக்குக் கரும்பலகை தெளிவாகத் தெரியாதிருக்கலாம். தோட்டப் பாடசாலையொன்றிலே இரண்டு மூன்று தரங்களை ஒரே வேளையில் ஒருவரே கவனிக்க நேரும்போது, இதனைக் கண்டறிவது எளிதன்று. கண்டறியாவிடின், எழுத்துக் கூட்டவும் அறியாமலே அப்பிள்ளை மேற்றரத்துக்குச் சென்றுவிடும். பின்னர் பாடசாலைக்கு வருவதையே விட்டுவிடவுங்கூடும். ஆசிரியரின் சுமைகளுள் இதனிலும் பாரமானது வேறில்லை.

இனி, இத்தொழிலிற் கிடைக்கும் பேறு யாது? முன்னாள் மாணவர் வீதியிலே கண்டு வணங்குவதையும் பொன்னாடை போர்த்துவதையும் பலர் கூறுவர். அவை இனியவை, ஆனால் தாமதித்து வருபவை. நாள்தோறும் கிடைக்கும் பேறு ஒன்றனை நன்னூல் ஒரு கணக்காகத் தருகிறது. ஆசிரியர் உரைப்பதை நன்றாகக் கேட்பினும் மாணவன் பெறுவது காற்பங்கே. உடன் கற்போரோடு பயில்வதால் இன்னொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கோ பிறருக்கு எடுத்துரைப்பதனாலேயே வந்து நிரம்பும். அவ்வாறாயின், பயிற்சி முடித்து வகுப்பினுள் நுழைபவர் அரைக் கல்வியுடனேயே நுழைகின்றார். மற்றப் பாதியை அவருக்குத் தருவோர் முன்னே அமர்ந்திருக்கும் பிள்ளைகள்.

பின்னத்தைப் பற்றிக் கேட்ட பிள்ளையை அதட்டாது, "நாளைக்குச் சொல்கிறேன்" என்று கூறி வீடு சென்ற ஆசிரியர் அன்றிரவு சிந்திக்கின்றார். மறுநாள் மூன்று முழக் கயிறொன்றைக் கொண்டுவந்து அரைமுழத் துண்டுகளாக வெட்டுவிக்கின்றார். ஒவ்வொரு முழத்திலும் இரண்டு துண்டுகள், ஆக ஆறு. அரையால் வகுத்தல் இரண்டாற் பெருக்குதலாவது ஏனென்று பிள்ளைகள் காண்கின்றனர். அதனை அவரும் அப்பொழுதே முதன்முறையாகக் காண்கின்றார். அடுத்த ஆண்டு அதே பாடத்துக்கு அவர் எழுதும் பாடக்குறிப்பிலே விதிக்கு முன்பாகக் கயிறு இடம்பெறும்.