பாரிசில் ஒரு அகதிக் குரு



நாம் சாமான் வாங்கப் போகும் லா சப்பலின் பெயருக்கு 'சிற்றாலயம்' என்று பொருள். தன் நாட்டில் யுத்தம் மூண்டதால் இதே பாரிசுக்கு ஓடிவந்து, பிறர் வீட்டுச் சிற்றாலயத்தில் ஆராதனை நடத்திய ஆங்கிலேயக் குருவானவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஜோன் கொசின்.

1642-இல் இங்கிலாந்தில் அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டு யுத்தம் தொடங்கியது. கேம்பிரிட்ஜில் பீட்டர்ஹவுஸ் கல்லூரித் தலைவராக இருந்த கொசின் அரசர் பக்கம் நின்றார். 1644-இல் அந்தப் பதவி பறிபோனது. பாரிசுக்கு வந்தார். இங்கே தஞ்சமடைந்த அரசி கத்தோலிக்கர்; அவரோடிருந்த அங்கிலிக்கன் பணியாளருக்குக் கொசின் குருவானார். அரசரின் பிரதிநிதி ரிச்சர்ட் பிரவுண் வீட்டில் தங்கள் மொழியிலேயே ஆராதித்தார்கள்.

1649-இல் அரசருக்குச் சிரச்சேதம். ஊர் திரும்பும் நம்பிக்கை மங்கியது. கொசினின் ஒரே மகனும் கத்தோலிக்க சபைக்குப் போய்விட்டான். தகப்பனுக்கு அது ஆறாத வேதனை. அந்நாட்களில் பிரெஞ்சுப் புரொட்டஸ்தாந்தினர் நட்புக் கரம் நீட்டினார்கள். அவர்களுக்குப் பேராயர் கிடையாது, ஆராதனை முறையும் வேறு. ஆயினும் அவர்களோடு திருவிருந்தில் பங்குபெறலாம் என்று கொசின் எழுதினார்.

1660-இல் முடியாட்சி திரும்பியது. கொசின் டர்ஹாம் பேராயரானார். 1662-இல் வெளிவந்த பொது ஜெபப் புத்தகத்தின் திருத்தத்தில் அவருக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அதை முழுமையாக ஏற்க மறுத்த போதகர்கள் சபைகளை இழந்தார்கள். முன்பே விலக்கப்பட்டவர்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 2000 பேர். தன் பேராயத்தில் கொசினும் அவர்களிடம் கடுமையாகவே நடந்தார். அகதியாய் இருந்தபோது வேற்று முறையினரைச் சகோதரராகக் கண்டவர், அதிகாரம் கைக்கு வந்ததும் அப்படிக் காணவில்லை.

தாதியரான எங்களுக்கு இது புதிதல்ல. தீக்காயம் ஆறினாலும் தழும்பு இறுகி, மூட்டை நீட்ட முடியாமல் போகலாம். வலித்தாலும் தினமும் பயிற்சி செய்யவேண்டும். பட்ட துன்பமும் அப்படித்தான். தானாகவே அது நம்மை இளகிய மனத்தவராக்கிவிடாது.

நம் பெற்றோரும் யுத்தத்துக்குத் தப்பி வந்தவர்களே. இன்று நமக்குக் கடையுண்டு, வீடுண்டு, சபையுண்டு. 2015-இல் லா சப்பல் மெட்ரோப் பாலத்தின் கீழே சூடானியரும் எரித்திரியரும் கூடாரங்களில் கிடந்தார்கள். அவர்களைப் பற்றி நம் வீடுகளில் என்ன பேசினோம்? இன்று வந்திறங்குகிறவர்களைப் பற்றி என்ன பேசுகிறோம்?

அடுத்த வாலிபர் கூட்டத்தில் லேவியராகமம் 19:34-ஐ வாசித்து, இதைப் பற்றி மனந்திறந்து பேசுவோம். பிறகு, நம்மால் கொடுக்கக்கூடிய ஒன்றைத் தெரிந்தெடுப்போம்: ஒரு சாப்பாட்டுப் பொதியோ, படிவம் நிரப்ப ஒரு மணி நேரமோ.