இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும்? வீட்டில் ஆக்சிஜன் பெறுவோருக்கான கணக்கு

நாளிதழில் ‘நாளை மின்தடை’ என்ற தலைப்பின்கீழ் சேவூர், கருவலூர், தெக்கலூர், பெருமாநல்லூர் என ஊர்ப்பெயர்கள் வரிசையாக இடம்பெறுவதை அவிநாசி வட்டாரத்தினர் அறிவர். துணை மின் நிலையப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மாலை 4 அல்லது 5 மணி வரை மின்சாரம் இராது என்பது அதன் பொருள். பெரும்பாலான வீடுகளில் முன்கூட்டியே மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிக்கொள்வதோடு வேலை முடிந்துவிடும். வீட்டில் ஆக்சிஜன் பெறும் நோயாளி இருக்கும் குடும்பத்துக்கு அது அவ்வளவு எளிதன்று.

அத்தகைய நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும்போது, “கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்?” என்று நாங்கள் தவறாமல் கேட்கிறோம். “வீட்டில் இன்வெர்ட்டர் இருக்குதுங்க” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. இருப்பது உண்மைதான். 2012-ஆம் ஆண்டையொட்டிக் கோவை, திருப்பூர்ப் பகுதிகளில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு நீடித்த காலத்தில் இங்கே வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. ஆனால் அவை நான்கு விளக்குகளுக்கும் இரண்டு மின்விசிறிகளுக்கும் என்று வாங்கப்பட்டவை. அதே பெட்டி ஒரு நோயாளியின் சுவாசத்தையும் தாங்குமா என்பதைத் தனியே பார்த்தாக வேண்டும்.

முதியவர் ஒருவரை மூச்சுத்திணறலுடன் எங்களிடம் அழைத்து வந்தார்கள். அவர் வீட்டில் புதிய இன்வெர்ட்டர் இருந்தது; பேட்டரியும் நிறைந்திருந்தது. மின்சாரம் நின்றதும் விளக்கும் விசிறியும் ஓடின. ஆக்சிஜன் இயந்திரம் மட்டும் நின்றுவிட்டது. அதைச் செருகியிருந்த 15 ஆம்பியர் பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில் சேர்க்கப்படவே இல்லை. பல வீடுகளில் விளக்கு, விசிறிகளுக்கான இணைப்பு மட்டுமே இன்வெர்ட்டருக்குப் போகிறது; கனமான கருவிகளுக்கான பாயின்ட்டுகளை எலக்ட்ரீசியன்கள் வேண்டுமென்றே விலக்கிவிடுவார்கள். அது அவர்களின் பிழை அன்று. அந்த அறையில் என்ன கருவி ஓடப்போகிறது என்பதை யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை.

வீடுகளில் ‘ஆக்சிஜன் மெஷின்’ எனப்படும் செறிவூட்டி, காற்றிலுள்ள நைட்ரஜனை விலக்கி ஆக்சிஜனை மட்டும் பிரித்துத் தருகிறது. அதனுள் ஓயாமல் ஓடும் கம்ப்ரஸர் இருப்பதால் அது மின்சாரத்தை நன்றாகவே உண்ணும். நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் கருவிக்கு ஏறக்குறைய 300 முதல் 400 வாட் தேவை. 10 லிட்டர் கருவிக்கு 500 வாட்டுக்கும் மேல். துல்லியமான எண் கருவியின் பின்புறம் ஒட்டப்பட்டிருக்கும். கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும் கணத்தில் இதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஆகவே இன்வெர்ட்டரின் திறன் நூலளவில் போதுமானதாக இருந்தால் போதாது. அதன் மேல் குறிக்கப்படும் ‘வி.ஏ.’ எண் முழுவதும் வாட்டாகக் கிடைப்பதும் இல்லை. ஏறக்குறைய முக்கால் பங்கே கிடைக்கும்.

மின்வாரியம் தரும் மின்சாரம் சீராக ஏறியிறங்கும் அலையாக வருகிறது. ‘சைன் வேவ்’ இன்வெர்ட்டர்கள் ஏறக்குறைய அதே வடிவில் தருகின்றன. பழைய, விலை குறைந்த ‘ஸ்கொயர் வேவ்’ இன்வெர்ட்டர்கள் வெட்டி வெட்டித் தருகின்றன. விளக்கு அதைப் பொறுத்துக்கொள்ளும். மோட்டார் உள்ள கருவி இரையும், சூடேறும், நாளடைவில் பழுதாகும். ஆகவே மருத்துவக் கருவிக்குச் சைன் வேவ் மட்டுமே பொருந்தும். பேட்டரி புதிதாக இருந்தாலும் இன்வெர்ட்டர் பழையது என்றால் இதைக் கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி மணிக்கணக்கு. வீடுகளில் வழக்கமாக உள்ள பேட்டரி 12 வோல்ட், 150 ஏ.எச். இரண்டையும் பெருக்கினால் 1800 வரும். அதை 350 வாட்டால் வகுத்தால் ஐந்து மணி நேரம் ஓடும் என்று தாளில் தெரியும். நடைமுறையில் அவ்வளவு ஓடாது. இன்வெர்ட்டரே ஒரு பங்கை வெப்பமாக இழக்கிறது. வேகமாக மின்சாரத்தை உறிஞ்சினால் பேட்டரி தன் முழுக் கொள்ளளவைத் தருவதில்லை. புதிய பேட்டரியில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் கிடைத்தால் நல்லது. மூன்று நான்கு ஆண்டு ஓடிய பேட்டரியில் அதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். இடையில் இரண்டு விசிறிகளும் தொலைக்காட்சியும் ஓடினால் இன்னும் குறையும். பராமரிப்பு நாளின் மின்தடையோ ஏழெட்டு மணி நேரம்.

எனவே செறிவூட்டி உள்ள வீட்டில் நிரப்பிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று அவசியம் இருக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. இன்வெர்ட்டர் இடையில் கைகொடுக்கும்; நாளைக் கடத்தித் தருவது சிலிண்டர். சிறிய ‘பி’ வகைச் சிலிண்டரில் ஏறக்குறைய 1500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் பெறுபவருக்கு அது 12 மணி நேரத்துக்கு மேல் வரும். 5 லிட்டர் பெறுபவருக்கு 5 மணி நேரம். மீட்டர் முள் பாதியில் நின்றால் மணியும் பாதி. திறக்கும் சாவியைச் சிலிண்டரிலேயே கட்டி வையுங்கள். இருட்டில் அதைத் தேடிய குடும்பங்கள் உண்டு.

இன்னொரு செய்தி சிலருக்கு ஆறுதல் தரலாம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் நீண்டகால ஆக்சிஜன் சிகிச்சை ஆயுளைக் கூட்டுகிறது என்பதை 1980, 1981-ஆம் ஆண்டுகளில் வெளியான அமெரிக்க, பிரிட்டன் ஆய்வுகள் காட்டின. அவற்றின் அடிப்படையில்தான் நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் என்று எழுதித் தருகிறோம். மில் பஞ்சுத் தூசியிலும் விறகடுப்புப் புகையிலும் காலம் கழித்து இந்நோய்க்கு ஆளானவர்கள் எங்களிடம் பலர் வருகிறார்கள். நிலை சீராக உள்ள ஒருவருக்குக் காலை 9 முதல் மாலை 5 வரை நீங்கினாலும் மீதி 16 மணி நேரம் இருக்கிறது. அத்தகையவர் அந்தப் பகலை ஓய்வாக அமர்ந்தே கழித்துவிடக்கூடும். எல்லாரும் அப்படி அல்லர். சிலருக்குக் குழாயை எடுத்த பத்தே நிமிடங்களில் அளவு சரியும். நீங்கள் எவ்வகையினர் என்பதை வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம். எங்கள் பிரிவில் அமரவைத்து, ஆக்சிஜன் இல்லாமல் விரல்மானியில் அளவு எப்படி மாறுகிறது என்று பார்த்துச் சொல்கிறோம்.

மின்சாரம் திரும்பியதும், விட்டுப்போனதை ஈடுசெய்ய எண்ணி 2 லிட்டரை 4 லிட்டராக உயர்த்துபவர்கள் உண்டு. அது தவறு. இந்நோயில் நாங்கள் நாடும் அளவு பொதுவாக 88 முதல் 92 சதவீதம் வரை. தேவைக்கு மேல் ஆக்சிஜன் சென்றால் உடலில் கரியமில வாயு தேங்கி, நோயாளி மயக்க நிலைக்குப் போய்விடலாம். அவர் நிம்மதியாக உறங்குவதாக வீட்டார் எண்ணிக்கொள்வார்கள்.

மற்றக் கருவிகளால் இவ்வளவு சிக்கல் இல்லை. நெபுலைசர் பத்துப் பதினைந்து நிமிடமே ஓடுவதால் எந்த நல்ல இன்வெர்ட்டரும் தாங்கும். அதுவும் இல்லையெனில் பல மருந்துகளை ஸ்பேசர் வைத்த இன்ஹேலரிலேயே எடுத்துக்கொள்ளலாம். பைபேப் கருவி குறைந்த மின்சாரத்தில் ஓடும். அதிலுள்ள ஈரப்பதமூட்டியின் சூட்டை மின்தடையின்போது அணைத்துவிட்டால் இரவு முழுவதும்கூட ஓட வாய்ப்புண்டு. காற்று மெத்தைக்குச் செலவு மிகக் குறைவு. ஆனால் அது இறங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைக் கையால் திருப்பிப் படுக்கவைக்க மறவாதீர்கள்.

பேட்டரியை நோயாளியின் அறையில் வைக்காதீர்கள். மின்னேற்றம் நிகழும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். ஆக்சிஜன் ஓடும் அறையிலோ சிறு பொறியும் பெருந்தீயாகும். பீடியும் ஊதுபத்தியும் காமாட்சி விளக்கும் அந்த அறைக்கு ஆகா. தோட்டத்து வீடுகளில் ஜெனரேட்டர் வைத்திருப்போர் அதைத் திண்ணையிலோ சன்னலோரத்திலோ ஓட்ட வேண்டாம். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்றது, கொல்லக்கூடியது. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். போர் தண்ணீர் கூடாது.

இவையனைத்தையும் அறிந்துகொள்ள எளிய வழி ஒத்திகைதான். நோயாளி நலமாக இருக்கும் ஒரு காலை வேளையில், வீட்டில் இருவர் உடனிருக்க, சிலிண்டரை அருகில் வைத்துக்கொண்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். செறிவூட்டி ஓடுகிறதா, எத்தனை மணிக்கு இன்வெர்ட்டர் எச்சரிக்கை ஒலி எழுப்புகிறது என்று எழுதி வையுங்கள். ஒலி கேட்டதும் சிலிண்டருக்கு மாற்றிப் பழகுங்கள். அந்த எண்ணைச் சுவரில் ஒட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் பாருங்கள், அது குறைந்துகொண்டே வரும். அறிவிப்பில்லாத மின்தடைக்கு மின்னகம் எண் 94987 94987-ஐ எந்நேரமும் அழைத்து, எப்போது சரியாகும் என்று கேட்கலாம்.

அடுத்த முறை வரும்போது செறிவூட்டியின் பின்புறத்தையும், இன்வெர்ட்டர், பேட்டரி ஆகியவற்றின் மேலுள்ள எழுத்துகளையும் கைபேசியில் படம் பிடித்து வாருங்கள். உங்கள் வீட்டுக்கான மணிக்கணக்கை உடனமர்ந்து போட்டுத் தருகிறோம்.