பரணில் கிடக்கும் பந்து

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய கால்பந்து கிடக்கிறது. காற்று இறங்கி, தோல் வெடித்து, பார்க்கச் சகிக்காது. போகி வரும்போதெல்லாம் என் மனைவி அதைக் கீழே இறக்கி, "இந்த வருஷமாவது இதைத் தூக்கிப் போடலாமா?" என்று கேட்பாள். நான் வாங்கித் துடைத்து மறுபடி மேலே வைத்துவிடுவேன். 2022 நவம்பரில் லண்டனில் ஒரு பழைய பந்து 20 லட்சம் பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 19 கோடி ரூபாய்க்கு, ஏலம் போயிற்று. அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். "யார் கண்டது, இதற்கும் ஒரு விலை வரும்!" என்று கேலி வேறு.

லண்டனில் ஏலம் போன பந்து எது என்று கல்கத்தாத் தமிழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1986 ஜூன் 22. மெக்ஸிகோவில் நடுப்பகல், நமக்கு இரவு பதினொன்றரை மணி. எங்கள் பாடா கிளப்பில் இருந்த ஒரே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் அறுபது பேராவது இருந்திருப்போம். உலகக் கோப்பைக் காலிறுதி, அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும். இடைவேளைக்குப் பிறகு ஆறாவது நிமிடத்தில் மரடோனா எம்பினார். இங்கிலாந்து கோல்கீப்பர் பீட்டர் ஷில்டனும் எம்பினார். பந்து வலைக்குள். தலையால் முட்டினார் என்று நாங்கள் கூத்தாடினோம். மறு ஒளிபரப்பில் இடது கை தெரிந்தது. கிளப்பில் ஒரு நொடி மௌனம். பிறகு யாரோ சிரித்தார்கள், எல்லோரும் சிரித்தோம். நான்கு நிமிடம் கழித்து, தம் பாதி மைதானத்திலிருந்து ஆள் ஆளாகத் தாண்டி ஓடிப் போய் அவர் போட்ட இரண்டாவது கோலில் முதல் கோலின் பாவம் கரைந்துவிட்டதாகவே எங்களுக்குத் தோன்றியது.

அன்று விசில் பிடித்தவரைப் பற்றி நாங்கள் நினைக்கவே இல்லை. அவர் துனீசியாவைச் சேர்ந்த அலி பின் நாசர். கை பட்டதை அவர் பார்க்கவில்லை. சந்தேகம் வந்ததும், கோட்டோரம் கொடியுடன் நின்ற பல்கேரியாவின் போக்தான் டோச்செவைப் பார்த்தார். அவர் கொடியைத் தூக்காமல் நடுக்கோட்டை நோக்கி நடந்தார். சக நடுவர் நல்ல இடத்தில் இருந்தால் அவரை நம்ப வேண்டும் என்பது தங்களுக்குச் சொல்லப்பட்டிருந்த முறை என்றார் பின் நாசர். ஏதோ தவறு என்று உணர்ந்தாலும், நடுவரோடு கலந்து பேச அந்நாளைய முறை இடம் தரவில்லை என்றார் டோச்செவ். ஒருவர் மற்றவரைப் பார்த்தார், மற்றவர் பேசவில்லை, நடந்தது அவ்வளவுதான். ஆடுகளத்தில் இருந்தவர்களில் உண்மை திட்டவட்டமாகத் தெரிந்த ஒருவர் மரடோனா. அவர் சக ஆட்டக்காரர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

இதே பின் நாசர்தான் இரண்டாவது கோலின்போது, மரடோனாவை யாராவது தடுத்து வீழ்த்தினால் ஊதலாம் என்று விசிலைத் தயாராக வைத்துக்கொண்டு, ஊதாமலே கூட ஓடியவர். அவர் அவசரப்பட்டு ஊதியிருந்தால், நூற்றாண்டின் சிறந்த கோல் என்று 2002இல் தேர்வு பெற்ற அந்தக் கோல் பிறந்தே இருக்காது. இதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

அந்தக் காலத்தில் ஓர் ஆட்டம் முழுவதற்கும் ஒரே பந்து. ஆட்டம் முடிந்ததும் பந்து பின் நாசரிடமே தங்கிற்று. 36 ஆண்டுகள் இருந்தது. மரடோனாவின் சட்டையை இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜ் மாற்றி வாங்கிக்கொண்டார். அது 2022 மே மாதம் 71 லட்சம் பவுண்டுக்கு மேல் போயிற்று. ஒரு பிழையைத் தொட்ட சட்டைக்கும் பந்துக்கும் இவ்வளவு மதிப்பு! 2015இல் மரடோனா துனீசியாவுக்குப் போனபோது பின் நாசரின் வீட்டைத் தேடிச் சென்று, நிரந்தர நண்பர் என்று எழுதிக் கையெழுத்திட்ட அர்ஜென்டினாச் சட்டை ஒன்றைக் கொடுத்தார். டோச்செவோ, மரடோனா தம் வாழ்வைக் கெடுத்துவிட்டதாகக் கசந்து பேசியவர். 2017இல் காலமானார்.

கொடி பிடித்தவர்களுக்கு எப்போதும் இந்தக் கதிதான் என்றும் சொல்ல முடியாது. 1966 இறுதி ஆட்டத்தில் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. தாண்டியது என்று தலையசைத்தவர் அஜர்பைஜானைச் சேர்ந்த தோஃபிக் பஹ்ராமோவ். பாகு நகரில் ஒரு விளையாட்டரங்கமே அவர் பெயரில் இருக்கிறது, சிலையும் உண்டு. ஒருவருக்குச் சிலை, ஒருவருக்குச் சாபம். தீர்ப்பு தரத்தான் இவர்கள் போனார்கள், கிடைத்தது தலையெழுத்து.

சரி, என் பரண் பந்துக்கு வருகிறேன்.

1992 ஜனவரி, நம் சங்கத்தின் பொங்கல் விளையாட்டு விழா. லேக் மார்க்கெட் பிள்ளைகளுக்கும் பெஹாலா பிள்ளைகளுக்கும் கால்பந்து இறுதி ஆட்டம். கல்லூரியில் ஆடியவன் என்ற ஒரே தகுதியில் என் கழுத்தில் விசிலை மாட்டினார்கள். லேக் மார்க்கெட் அணியில் என் மகனும் ஆடினான். வேறு யாரையாவது பார்க்கச் சொல்லி நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம். கோல் இல்லை. பெஹாலாப் பையன் ஒருவன், பன்னிரண்டு வயது, தன் கோல் முன்னால் பந்தைத் தடுத்தான். கையா, தோளா? கோட்டோரம் கைக்குட்டையைக் கொடியாகப் பிடித்து நின்ற எங்கள் பொருளாளரைப் பார்த்தேன். அவர் வாய் நிறைய முறுக்கோடு தலையை ஆட்டினார். பெனால்டி கொடுத்தேன். லேக் மார்க்கெட் ஜெயித்தது. அந்தப் பையன் அழவில்லை. தன் தோளைத் தொட்டு என்னிடம் காட்டினான். சட்டையில் அங்கேதான் மண் ஒட்டியிருந்தது. பார்த்தேன். பார்த்தும் முடிவை மாற்றவில்லை. மாற்றினால் கூட்டம் என்ன சொல்லுமோ என்ற பயம். நடுவருக்கு மரியாதையாக அந்தப் பந்தையே எனக்குக் கொடுத்தார்கள்.

பையனின் அப்பா என் அலுவலக நண்பர். ஞாயிறு தோறும் எங்கள் வீட்டுக்கு டிகிரி காப்பிக்கு வருபவர். அந்த ஞாயிறு வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. சண்டை ஒன்றும் போடவில்லை. பார்த்தால் புன்னகை, அவ்வளவுதான். பிறகு நாக்பூருக்கு மாற்றலாகிப் போனார். 2009இல் காலமானார் என்று செய்தி வந்தது.

லண்டன் ஏலச் செய்தி வந்த அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் எண்ணைத் தேடிப் பிடித்து, புனேயில் இருக்கும் அந்தப் பையனுக்குப் போன் செய்தேன். பையன் என்ன, நாற்பதைத் தாண்டியவன். பெயரைச் சொன்னதுமே, "மாமா, எப்படி இருக்கீங்க?" என்றான். தயங்கித் தயங்கி அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டேன்.

"தோள்ல பட்டது மாமா. இதோ, இந்த இடத்துல."

போனில் இடம் தெரியுமா? ஆனாலும் அவன் தொட்டுக் காட்டுகிறான் என்று எனக்குப் புரிந்தது.

"தெரியும்ப்பா. அன்னிக்கே தெரியும்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னான்: "அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே மாமா."

"அந்தப் பந்து இன்னும் என்கிட்டதான் இருக்கு. அனுப்பட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம், உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

2018 முதல் உலகக் கோப்பையில் வீடியோவைப் பார்த்து நடுவர் தம் முடிவைத் திருத்திக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். நம் பொங்கல் விழாவுக்கு அந்த வசதி வரப்போவதில்லை. ஆகவே அடுத்த முறை விசில் பிடிக்கப் போகும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: தப்பு எல்லோருக்கும் வரும். தெரிந்துவிட்டால், அன்று சாயங்காலமே அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். ஒரு வாய்க் காப்பியோடு முடிந்துவிடும்.